பழைய ராக்கெட் கிட் மறுபடி வருதாமே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெர்ஜீனியாவில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே மாடல் ராக்கெட் விடுவோம். தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகளோடு வரும் பெற்றோர்களும் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும் கூடவே வந்து நிற்பார்கள். பத்து வருடமாக அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏதாவது ஒரு பழைய கிட், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் ராக்கெட் பெட்டி, திரும்ப வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் கேள்விகள் இரண்டு மடங்காகிவிடும். அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"தீபாவளி ராக்கெட்டைத்தான் இங்க மாடல் ராக்கெட்டுன்னு சொல்றாங்களா?"

இல்லை. உள்ளே இருப்பது அதே கரிமருந்துதான். ஆனால் வாணம் ஒருமுறை மேலே போய் வெடித்தால் கதை முடிந்தது, குச்சிதான் மிஞ்சும். மாடல் ராக்கெட் மேலே போய் பாரசூட்டை விரித்துக்கொண்டு இறங்கும். எரிந்து முடிந்த மோட்டாரை, அதாவது மருந்து அடைத்த குழலை, எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகி அதே ராக்கெட்டை மறுபடி விடலாம். என்னிடம் முப்பது தடவைக்கு மேல் பறந்த ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்குக் குப்பைத்தொட்டியில் பொறுக்கியது போல இருக்கும்.

இன்னொரு முக்கிய வித்தியாசம், மருந்தை நாம் தொடுவதே இல்லை, அது மோட்டாருக்குள் அடைத்தே வரும். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954இல் தன் சகோதரர் ராபர்ட்டின் சொற்பொழிவுகளுக்காக இப்படி ஒரு ராக்கெட்டைச் செய்தார். அமெரிக்கப் பையன்கள் நிலவறைகளில் மருந்து கலந்து கைவிரலை இழந்துகொண்டிருந்த காலம் அது. அதைப் பற்றிக் கவலையோடு எழுதிய ஹாரி ஸ்டைன் என்ற பொறியாளரின் கட்டுரை கார்லைலின் கண்ணில் பட்டது. தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வைத்தார். பொழுதுபோக்கு அங்கே பிறந்தது. ஸ்டைனின் நிறுவனத்துக்கு மோட்டார் செய்து கொடுக்க வந்தவர் வாண வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த வெர்னன் எஸ்டெஸ், கீழே அடிக்கடி வரும் எஸ்டெஸ் ராக்கெட் நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்தவர். அவர் 1958இல் உருவாக்கிய இயந்திரத்துக்கு 'மேபல்' என்று பெயர். ஐந்தரை நொடிக்கு ஒரு மோட்டாரைத் தள்ளிவிடும்.

"கிட் வாங்கினா எல்லாமே பெட்டிக்குள்ள இருக்குமா?"

அட்டைக் குழாய், மூக்குக் கூம்பு, பால்சா மரத்தில் துடுப்புகள், பிளாஸ்டிக் பாரசூட், ரப்பர் நாடா, ஒட்டுப்படம், செய்முறைத் தாள். பெரும்பாலான பெட்டிகளில் இவ்வளவுதான். மோட்டார், அதைப் பற்றவைக்கும் கம்பி, ஏவுமேடை, சூடான வாயுவிலிருந்து பாரசூட்டைக் காக்கும் தீப்பிடிக்காத தாள், பசை, பெயின்ட் எல்லாம் தனி. பிறந்தநாள் பரிசாகக் கிட் மட்டும் கொடுத்தால், அன்று மாலையே குழந்தை "எப்போ விடலாம்?" என்று கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்கும்.

"சி6-5னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

முதல் எழுத்து, மோட்டார் எரிந்து முடியும்வரை மொத்தமாகத் தரும் உந்துதல் (விசையை நொடியால் பெருக்கியது). ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச அளவு இரண்டு மடங்காகும். ஏ என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, பி 5 வரை, சி 10 வரை, டி 20 வரை. நடுவில் உள்ள எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், மருந்து எரிந்து முடிந்தபின் பாரசூட்டைத் தள்ளும் சிறு வெடிப்புக்கு எத்தனை நொடி என்பது. அந்த நொடிகளில் ராக்கெட் தன் வேகத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும். கடைசி எண் பூஜ்யமாக இருந்தால் அது இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கானது, பாரசூட்டுக்கு உதவாது. தெரியாமல் அதைப் போட்டு நேராகத் தரையில் நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவும் முக்கியம். வழக்கமான ஏ, பி, சி மோட்டார்கள் 18 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்டவை. குட்டி மோட்டார்கள் 13 மி.மீ., டி12 போன்றவை 24 மி.மீ. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

"புது கிட்டுனு ஒண்ணு சொல்றாங்க, மறுவெளியீடுனு ஒண்ணு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

மூன்று வகை உண்டு. ஒன்று, இதுவரை யாரும் பார்க்காத புது வடிவம். இரண்டாவது, நிறுத்திய கிட்டை அதே வடிவில், பெரும்பாலும் அதே பெயரில் திரும்ப விடுவது. இதுதான் மறுவெளியீடு. மூன்றாவது, பழைய வடிவத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ விடுவது. 1972இல் வந்த 'மஸ்கீட்டோ' பெயருக்கேற்ற கொசு. அதைப் பல மடங்கு பெருக்கி 'மெகா மஸ்கீட்டோ' என்று விட்டார்கள். 'பிக் பெர்த்தா'வைச் சுருக்கி 'பேபி பெர்த்தா' வந்தது.

பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழைய பெயரைப் புது ராக்கெட்டுக்கு வைப்பதும் உண்டு. பெட்டியில் உள்ள படத்தையும் குழாயின் விட்டத்தையும் மோட்டார் பட்டியலையும் பழையதோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"ஒரு அட்டைக் குழாய்க்கு இவ்வளவு ஏக்கமா? எனக்குப் புரியலையே."

எனக்கும் முதலில் புரியவில்லை. என் சின்ன வயதில் ராக்கெட் என்றால் பாட்டிலில் செருகிய வாணம்தான். எங்கள் புல்வெளிக்கு வரும் வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்குக் கதை வேறு. அப்பல்லோ காலத்தில் அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. வருடா வருடம் தபாலில் வரும் கிட் பட்டியலைப் பாயில் படுத்துப் புரட்டி, புல் வெட்டிக் கிடைத்த காசில் எதை வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள். கைக்கு எட்டாமல் போன கிட் ஒன்று ஒவ்வொருவர் மனதிலும் இருக்கிறது. பலருக்கு அது, நிலாவுக்கு ஆட்களைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மாடல். 1969இல் எஸ்டெஸ் விட்ட, நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள கிட். நிஜ ராக்கெட் 110 மீட்டருக்கு மேல் உயரம், கிட் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நிலாவில் இறங்கி ஐம்பது ஆண்டு ஆனபோது, 2019இல், அதை மறுபடி விட்டார்கள். கிட்டின் எண்ணாகவே 1969 என்று போட்டார்கள்.

அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் அன்று ராக்கெட்டே விடவில்லை. கார் பின்கதவைத் திறந்து வைத்துப் பெட்டியை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். ஊரில் மூடிப்போன தியேட்டரில் முதல் நாள் படம் பார்த்த கதையை நாம் சொல்வது போல.

"இந்தப் பழைய டிசைன் எல்லாம் யார் கையில இருக்கு? யார் வேணா திரும்பக் கொண்டு வரலாமா?"

எந்தக் கிட் வரும், எது வராது என்பதற்குப் பாதி விடை இதில்தான் இருக்கிறது. எஸ்டெஸ் 1961இல் கொலராடோவின் பென்ரோஸுக்கு இடம் மாறியது. 1969இல் டேமன் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 1961இல் லீ பீஸ்டர் தொடங்கிய அரிசோனாவின் சென்டுரி, எஸ்டெஸின் நேர்ப் போட்டியாளர். அதையும் பிறகு டேமனே வாங்கிவிட்டது. எண்பதுகளில் சென்டுரி என்ற பெயர் கடைகளிலிருந்து மறைந்தது, அதன் வடிவங்கள் எஸ்டெஸ் பக்கம் வந்து சேர்ந்தன. அதனால் சென்டுரி கிட் ஒன்று எஸ்டெஸ் பெட்டியில் வந்தால் திருட்டு என்று நினைக்க வேண்டாம். அப்புறம் எஸ்டெஸ் பல கை மாறி, 2010இல் ஹாபிகோ என்ற பொழுதுபோக்குப் பொருள் நிறுவனத்திடம் போய், 2018இல் ஹாபிகோ திவாலானபோது லாங்ஃபோர்டு குடும்பம் வாங்கியது. சின்ன வயதிலிருந்தே ராக்கெட் விட்ட குடும்பம். மறுவெளியீடுகள் இப்போது அதிகம் வருவதற்கு அது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

வட கரோலினாவில் 1967இல் தொடங்கிச் சில ஆண்டிலேயே மூடிய செம்ராக் என்ற நிறுவனம், 2002இல் மறுபடி முளைத்தது. வேலையே மற்றவர்கள் கைவிட்ட பழைய கிட்களை அதே மரக் கூம்போடும் அதே அளவுக் குழாயோடும் திரும்பச் செய்து தருவதுதான். நிறுவனர் 2013இல் மறைந்தபின் அது ஈராக்கெட்ஸ் என்ற இணையக் கடையின் கைக்குப் போனது. 'பழையது மாதிரியே' வேண்டும் என்பவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள்.

"புது கிட் வரப்போகுதுனு உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரியுது?"

ரகசியம் எதுவும் இல்லை. தேசிய ராக்கெட்டரி சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் நார்கான் மாநாட்டில் நிறுவனங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும். ஹாபி கடைகளுக்குப் போகும் பட்டியலில் புது எண்கள் முளைக்கும், கடைக்காரர் நண்பராக இருந்தால் காதில் போடுவார். மற்றபடி நாள்காட்டியைப் பாருங்கள். பெரிய விண்வெளி ஆண்டுவிழா ஒன்று வருகிறது என்றால் அதற்குரிய அளவு மாடலை எதிர்பார்க்கலாம்.

ஆனால் மேசையில் இருந்த மாதிரி வேறு, கடையில் நிற்கும் பெட்டி வேறு. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது அடுத்த பதிலில்.

"வசந்தத்துல வரும்னாங்க. தீபாவளியே வந்துருச்சு. ஏன் சார் எப்பவுமே இப்படி?"

முதல் காரணம் அச்சு. பிளாஸ்டிக் கூம்பும் துடுப்பு அமைப்பும் உலோக அச்சில் வார்க்கப்படுபவை. நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய அச்சு துருப்பிடித்திருக்கும், ஒரு பாதி தொலைந்திருக்கும், நிறுவனம் கை மாறியபோது பழைய இரும்பாகப் போயிருக்கும். புது அச்சுச் செலவைச் சில ஆயிரம் பெட்டிகளின் லாபத்தில் எடுக்க வேண்டும். அதனால்தான் கூம்பும் குழாயும் ஏற்கெனவே விற்பனையில் உள்ள வேறு கிட்டோடு பொருந்தும் பழைய வடிவங்கள் சீக்கிரம் திரும்பி வருகின்றன. தனக்கென்று தனி அச்சு தேவைப்படுபவை காத்துக்கிடக்கின்றன. உங்கள் கனவுக் கிட் வருமா என்று ஜோசியம் பார்க்க வேண்டுமானால் அதன் கூம்பைப் பாருங்கள்.

இரண்டாவது பால்சா. உலகத்துப் பால்சாவில் மிகப் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளேயும் அதே மரத்தைத்தான் வைக்கிறார்கள். 2019, 2020 வாக்கில் சீனாவில் காற்றாலைகள் மளமளவென்று எழும்பியபோது மரம் அத்தனையும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு இறக்கைக்குத் தேவையான மரத்தில் எத்தனை ஆயிரம் துடுப்புகள் வெட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். சந்தையில் நம் குரல் எடுபடுமா?

மூன்றாவது மருந்து. அமெரிக்காவில் கரிமருந்தைப் பெரிய அளவில் தயாரித்துவந்த ஆலை, லூசியானாவின் மிண்டனில் உள்ள கோயெக்ஸ். 2021இல் அதன் அன்றைய உரிமையாளர்கள் மூடுவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு எஸ்டெஸைச் சேர்ந்த நிறுவனமே அதை வாங்கியது. பொம்மை ராக்கெட் கம்பெனி வெடிமருந்து ஆலையை வாங்குகிறதா என்று சிலர் சிரித்தார்கள். மருந்து இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் எந்தக் கிட்டும் வெறும் அலங்காரப் பொருள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை.

"மறுவெளியீடு வாங்கினா அப்படியே பழைய கிட்தானே கிடைக்கும்?"

வடிவம் கிடைக்கும். பொருள் மாறியிருக்கும். பழைய கிட்களில் கூம்பு பால்சா மரத்தில் கடைந்தது. இப்போது பெரும்பாலும் ஊதி வார்த்த பிளாஸ்டிக், பக்கவாட்டில் ஒரு தையல்கோடு ஓடும், தேய்த்து எடுக்க வேண்டும். மரக் கூம்புக்கு நரம்பை அடைக்க மூன்று நான்கு பூச்சு பூசித் தேய்த்த கை எனக்கு, அதனால் இந்த மாற்றத்துக்காக நான் அழமாட்டேன். துடுப்புகள் முன்பு இரும்பு அச்சால் நசுக்கி வெட்டப்பட்டவை, பாதி வெட்டுப்படாமல் பிய்ந்து வரும். இப்போது லேசரில் வெட்டுகிறார்கள், கத்தியே வேண்டாம். விளிம்பில் கருகிய பழுப்பு நிறம் இருக்கும். ஒட்டும் விளிம்பை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டுப் பசை வையுங்கள், இல்லையென்றால் பிடிக்காது.

நான் முணுமுணுப்பது ஒட்டுப்படத்துக்கு. நீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் பழைய மெல்லிய படத்துக்குப் பதிலாகச் சில கிட்களில் தடித்த ஸ்டிக்கர் வருகிறது. பெயின்ட்டின் மேல் அது பெட்டிக்கடை விளம்பரம் மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டியின் பின்புறத்தில் எது என்று எழுதியிருப்பார்கள், வாங்கும் முன் பாருங்கள். கூம்பையும் குழாயையும் இணைக்கும் ரப்பர் நாடாவை நான் எந்தக் கிட்டிலும் நம்புவதில்லை. குட்டையாக இருந்தால் கூம்பு சுண்டித் திரும்பி வந்து குழாயின் விளிம்பைக் கொத்திவிடும். சூட்டைத் தாங்கும் வலுவான கெவ்லார் நூலைக் கட்டி நீட்டிவிடுவேன்.

எடையும் மாறும். பிளாஸ்டிக் கூம்பு மரத்தைவிடக் கனமாக இருந்தால் முன்பாரம் கூடும், நேராகப் பறக்க அது நல்லதுதான். ஆனால் மொத்த எடை கூடியதால், கிளம்பும்போது ராக்கெட்டை நேராகப் பிடிக்கும் ஏவுகம்பியை விட்டு மெதுவாகக் கிளம்பும். அதனால்தான் பழைய தாளில் உள்ள மோட்டார் பட்டியலைப் புதுக் கிட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

"அப்பாவோட பழைய கிட் பரண்ல கிடைச்சது. பி14 மோட்டார் போடச் சொல்லுது. எந்தக் கடையிலயும் இல்லையே?"

கிடைக்காது. பி14 பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்டது. மருந்தின் நடுவே துளை இருக்கும், அதனால் சட்டென்று பலமாக உதைக்கும். கனமான ராக்கெட்டைக் கம்பியிலிருந்து தூக்கிவிட அந்த முதல் உதைதான் வேண்டும். பி8-5உம் அப்படியே காணாமல் போனது. எழுத்து ஒன்றுதானே என்று பி6 போட்டால் உச்ச உதை குறைவு. கனமான ராக்கெட் தள்ளாடிக் கிளம்பி காற்றின் பக்கம் சாயும்.

இப்போதைக்கு என் பதில் சி5-3. சி6ஐவிடத் தொடக்கத்தில் அதிகம் உதைக்கும், அளவும் அதே 18 மி.மீ. கொஞ்சகாலம் நின்றுபோய் மறுபடி வந்த மோட்டார் அது. கிட் மட்டுமல்ல, மோட்டாரும் மறுவெளியீடு ஆகும். என்னைக் கேட்டால் ஒரு மோட்டார் திரும்பி வருவது பத்துக் கிட் திரும்பி வருவதற்குச் சமம், ஏனென்றால் அலமாரியில் தூங்கும் பழைய ராக்கெட்டுகள் அத்தனையும் அன்றைக்கு எழுந்துவிடும்.

"18 மி.மீ. மோட்டார் கூட்டை எடுத்துட்டு 24 மி.மீ. வெச்சு டி12 போட்டா சூப்பரா போகுமே ப்ரோ?"

போகும், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. டி12 மோட்டார் சி6ஐவிடக் கனம், அந்தக் கனம் முழுதும் வாலில் சேர்கிறது. ராக்கெட்டின் எடைமையம், காற்றின் விசை மொத்தமாகத் தாக்கும் புள்ளியான காற்றழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவாவது இருக்க வேண்டும். வால் கனத்தால் எடைமையம் பின்னுக்கு நகரும். இரண்டும் நெருங்கினால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். காற்றழுத்த மையத்தைக் கணக்கிடும் சமன்பாடுகளை 1966இல் ஜிம் பாரோமேன் இந்தப் பொழுதுபோக்காளர்களுக்காகவே எழுதிக் கொடுத்தார். இப்போது ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும்.

கணக்கு வேண்டாம் என்றால் மோட்டாரைச் செருகி, பாரசூட்டை வைத்து, எடைமையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றுங்கள். கூம்பு முன்னால் பார்த்தபடி சுற்றினால் சரி. வால் முன்னால் வந்தாலோ தறிகெட்டு ஆடினாலோ கூம்புக்குள் களிமண் வைத்துக் கனம் கூட்டுங்கள்.

"மறுவெளியீடு வந்தா என்கிட்ட இருக்குற பிரிக்காத பழைய பெட்டியோட விலை விழுந்துடுமா?"

பறக்கவிடுவதற்காகத் தேடியவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அந்த அளவுக்கு விலை இறங்கும். பெட்டியைப் பெட்டியாகவே சேர்ப்பவர்களுக்குப் பழைய அச்சு, பழைய முகவரி, பழைய எண் வேண்டும். அவர்கள் இருக்கும்வரை அடியோடு விழாது. விற்கும் எண்ணம் இருந்தால் மறுவெளியீட்டுச் செய்தி வரும் முன்பே விற்றிருக்க வேண்டும். நான் இந்த வியாபாரத்தில் தோற்றவன், அதனால் என் பேச்சைக் கேட்காதீர்கள். என்னிடம் இருந்த பழைய பெட்டியைப் பிரித்து ஒட்டி மூன்றாவது பறப்பில் மரத்தில் மாட்டவிட்டேன்.

"பரண்ல கிட்டோட சேர்த்துப் பழைய மோட்டாரும் இருக்கு. விடலாமா?"

பரண் என்றாலே எனக்குப் பயம். கோடையில் வெந்து குளிரில் உறையும் இடம். அந்த மாற்றத்தில் இறுக்கி அடைத்த மருந்துக்கும் அட்டை உறைக்கும் நடுவே விரிசல் விழும். பற்றவைத்ததும் தீ அந்த விரிசலில் பாய்ந்து மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் எரியும். மோட்டார் வெடித்து ராக்கெட் சிதறும், எங்கள் பேச்சில் 'கேட்டோ'. வீட்டுக்குள் சீரான வெப்பத்தில் இருந்தவை பல வருடம் கழித்தும் ஒழுங்காக எரிவதைப் பார்த்திருக்கிறேன். பரணில் இருந்ததை வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். உறை பிரிந்து மருந்து கரைந்து சேறானபின் அப்புறப்படுத்தலாம்.

"நான் கேக்குற கிட் வரவே வராது போல. நானே செஞ்சுக்கிட்டா தப்பா?"

ஒரு தப்பும் இல்லை. 'குளோன்' என்று பெயர், பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். பழைய செய்முறைத் தாள்களை ரசிகர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குழாய்களின் அளவு அறுபது வருடமாக மாறவில்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த வரம். பிடி-20 என்ற எண்ணுள்ள குழாய் என்றால் வெளிவிட்டம் 18.7 மி.மீ., பிடி-50 என்றால் 24.8, பிடி-60 என்றால் 41.6. அன்றும் இன்றும் அதேதான். பால்சாப் பலகையில் துடுப்பை வரையும்போது மரத்தின் நரம்பு துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் தரையில் பட்டதும் ஒடியும். உங்களுக்காகச் செய்துகொள்வது வேறு, அந்தப் பெயரும் படமும் போட்டு விற்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

1971இன் 'இன்டர்செப்டர்' மாதிரி சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறுப்புகள் நிறைந்ததைக் குளோன் செய்வது கடினம். அதற்குத்தான் மறுவெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். நாலு துடுப்பும் ஒரு கூம்பும் உள்ளதற்கெல்லாம் காத்திருப்பது வீண்.

"பையனுக்குப் பத்து வயசு. அந்த பெரிய சாட்டர்ன் 5 வந்தா முதல் கிட்டா அதையே வாங்கிடலாமா?"

வேண்டாம் அண்ணா. மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளைக் குழாயைச் சுற்றி மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்ட வேண்டிய கிட் அது. பெரியவர்களே வாரக்கணக்கில் உட்காருவார்கள். கடைசியில் நீங்கள் ஒட்டுவீர்கள், பையன் டேப்லெட் பார்ப்பான். 'ஆல்ஃபா' அல்லது 'பிக் பெர்த்தா' வாங்குங்கள். பிக் பெர்த்தா பருமனானது, மெதுவாகக் கம்பீரமாகக் கிளம்பும், கண்ணிலிருந்து மறையாது. மஸ்கீட்டோ மலிவுதான், ஆனால் கிளம்பியதும் காணாமல் போய்விடும், பையன் அழுதுகொண்டு புல்லுக்குள் தேடுவான்.

சாரணர் இயக்கத்தில் இருந்தால் விண்வெளி ஆய்வுப் பட்டைக்கு ராக்கெட் செய்து விட வேண்டியிருக்கும், இந்த இரண்டுமே அதற்குப் போதும். நடுநிலைப் பள்ளி வந்ததும், பச்சை முட்டையை உடையாமல் ஏற்றி இறக்கும் தேசியப் போட்டி இருக்கிறது. இறுதிச் சுற்று நம் வெர்ஜீனியாவில்தான். அங்கே கிட்டே கிடையாது, எல்லாம் சொந்த வடிவம்.

"வீட்டுக்குப் பின்னாடி விட்டா என்ன?"

சி மோட்டார் என்றால் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் அகலத் திறந்தவெளி வேண்டும் என்பது தேசியச் சங்கத்தின் பாதுகாப்பு விதி. உங்கள் கொல்லை அவ்வளவு பெரிதா? டி வரைக்கும் 15 அடியும், அதற்கு மேல் 30 அடியும் தள்ளி நிற்க வேண்டும். காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் போனால் விடக் கூடாது. பற்றவில்லை என்றால் ஏவும் மின்பொத்தானின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு 60 நொடி காத்திருந்து அப்புறம்தான் கிட்டே போக வேண்டும். காய்ந்த புல் பக்கம் போகவே போகாதீர்கள். உள்ளூர் தீயணைப்பு விதிகள் ஊருக்கு ஊர் மாறும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"லீவுக்கு மதுரை போறோம். அங்க தம்பி பசங்களுக்கு ரெண்டு கிட் எடுத்துட்டுப் போகலாமா?"

கிட்டை எடுத்துப் போகலாம், மோட்டாரை முடியாது. கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. இந்தியாவில் கரிமருந்து வெடிபொருள் சட்டத்துக்குள் வரும், தபாலில் வரவழைக்கும் யோசனையும் வேண்டாம். வாணத்தை உடைத்து மருந்தை எடுத்து அடைத்துவிடலாம் என்று ஒரு சித்தப்பா கட்டாயம் சொல்வார். முதல் பதிலில் சொன்ன விரல் கதையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் ராக்கெட்டும் சைக்கிள் பம்பும் போதும், அதிலும் துடுப்பு ஒட்டலாம், சுற்றிப் பார்த்துச் சோதிக்கலாம்.

"முன்பதிவு போடலாமா? ரெண்டு பெட்டியா வாங்கி வெச்சுக்கணுமா?"

ஒருமுறை ஒரு கடையில் முழுப்பணமும் கட்டிப் பதினோரு மாதம் காத்திருந்தேன். கிட் வந்த வாரத்தில் பக்கத்து ஊர்க் கடையில் அதே பெட்டி குறைந்த விலைக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதிலிருந்து, அனுப்பும்போதுதான் பணம் எடுப்போம் என்று சொல்லும் கடையில் மட்டும் பதிவு செய்கிறேன். இரண்டு பெட்டி வாங்குவது தனி அச்சு தேவைப்படும் கிட்டுக்கு மட்டும். மற்றவை மறுபடி வரும்.

அதற்குப் பதில் அந்தப் பணத்தில் மோட்டார் வாங்குங்கள். புதுக் கிட் கடைக்கு வரும் வாரத்தில் அதற்குப் பொருத்தமான மோட்டார் முதலில் தீர்ந்துபோகும், பெருந்தொற்றுக் காலத்தில் மாதக்கணக்கில் அலமாரி காலியாகக் கிடந்ததைப் பார்த்தவன் நான். பெரிய மோட்டார்களைக் கூரியரில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் தனியாக வரும், நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்குவோம்.

"சினிராக் திரும்ப வருமா அங்கிள்? யூடியூப்ல பார்த்தேன், செம."

இதைக் கேட்டவளுக்குப் பன்னிரண்டு வயது. எஸ்டெஸ் 1965இல் 'கேம்ராக்' என்று ராக்கெட் தலையில் மாட்டும் கேமரா விட்டது, ஒரு பறப்புக்கு ஒரே ஒரு வட்டப் படம். சில ஆண்டில் வந்த 'சினிராக்' மேலே போகும் காட்சியைச் சூப்பர்-8 ஃபிலிமில் எடுக்கும். கறுப்புக் கூம்பு, பக்கவாட்டில் சின்னக் கண்ணாடி. பார்க்க இன்றும் அழகுதான்.

உள்ளே ஓடும் அந்தக் குட்டி ஃபிலிம் சுருளையும் அதைக் கழுவிக் கொடுக்கும் ஆளையும் யார் மறுவெளியீடு செய்வது? கூடு மட்டும் வரலாம். அவளிடம் சாவிக்கொத்து அளவு டிஜிட்டல் கேமராவை பிக் பெர்த்தாவின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டச் சொன்னேன், எதிர்ப்பக்கம் அதே எடைக்குக் களிமண். போன மாதம் படம் வந்தது. முதல் நான்கு நொடி புல்வெளி சுருங்குகிறது, அப்புறம் முழுக்க அவளுடைய அப்பாவின் வழுக்கைத் தலையைத் தேடி வட்டமடிக்கிறது.